படகு ஓர் உருவகம்

ஆங்கில மொழி இவ்வுலகில் யார் யாருக்கெல்லாம் கடமைப்பட்டிருக்கிறது என்று என்றாவது ஒருநாள் ஆராயப்படுமானால், எங்கள் குடும்பத்தைத் தவிர்த்துவிட்டு அந்த ஆராய்ச்சியை முடிக்க முடியாது. அம்மொழியின் இலக்கணம், வாதத்திறன், அணிநலம் ஆகிய மூன்றும் ஒரே மாலையில் மீள்பார்வைக்கு எடுத்துக்கொள்ளப்பட்டு, எங்கள் குடும்பத்தாரால் ஏகமனதாக அங்கீகரிக்கப்பட்டன. அந்த நிகழ்ச்சியை முறைப்படி எடுத்துரைப்பது மூத்தவன் என்ற வகையில் என் பொறுப்பு.

அன்று மாலை அந்த ஆங்கில வகுப்பறையில் இருந்தவர்கள் வருமாறு: "சிறப்பு விருந்தினர்" என்ற தகுதியில் நான். எனக்கு இடப்பக்கம் என் மனைவி. வலப்பக்கம் என் மகள். கல்லூரியில் ஆங்கிலத்தையே பாடமாக எடுத்துப் படித்தவள், ஆனாலும் அடக்கமான பெண். பின்வரிசையில் என் தம்பியின் மனைவி, மருத்துவமனையில் தலைமைச் செவிலி. கரும்பலகை அருகே ஆசிரியை. மாணவர்களில் லிஃப்ட் பழுதுபார்ப்பவர் ஒருவர், பல் டாக்டரிடம் டோக்கன் கொடுக்கும் பெண் ஒருவர், பேசாமல் இருந்த இன்னும் சிலர், என் தம்பி. பக்கத்து அறைத் தையல் வகுப்பிலிருந்து கதவு வழியாக எட்டிப் பார்த்தவர்களை நான் சேர்க்கவில்லை. அவர்கள் அழைக்கப்பட்டவர்கள் அல்லர்.

என் தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஐம்பதை நெருங்குகிறவன். நான் எதைச் சொன்னாலும் "ஆமாண்ணா" என்பான். இதனால் வீட்டிலும் கடையிலும் அதுவே அவன் பெயராகிவிட்டது. என் மகள் சின்ன வயதில் அவனை "ஆமாண்ணா சித்தப்பா" என்றுதான் கூப்பிடுவாள். அதில் அவனுக்கு வருத்தம் உண்டா என்று ஒருமுறை யாரோ கேட்டார்கள். இல்லை என்று நானே பதில் சொன்னேன்.

எங்கள் தொழில் படங்களுக்குச் சட்டம் போடுவது. அப்பா தொடங்கிய கடை. தம்பி முன்னால் கல்லாவில் நிற்பான், மரம் அறுப்பான், கண்ணாடி வெட்டுவான், ஆணி அடிப்பான், கடையைப் பெருக்குவான். மீதி வேலைகளை நான் பின்னறையில் உட்கார்ந்து ஆங்கிலச் செய்தித்தாளை விரித்துப் பிடித்தபடி கவனித்துக்கொள்வேன். அந்தச் செய்தித்தாளை நான் தலைகீழாகப் பிடித்திருந்ததாக ஒரு பேச்சு உண்டு. புகைப்படம் இல்லாத பக்கங்களில் அது யாருக்கும் நேரக்கூடியது.

ஒருநாள் ஓவியம் வரைகிற ஓர் அம்மாள் தாம் வரைந்த பாலம் ஒன்றின் படத்தைக் கொண்டுவந்தார். ஆங்கிலம் மட்டுமே பேசுகிறவர். அவர் விரலால் தொட்டுக் காட்டிய சட்டத்தைவிடப் படம் பெரிதாக இருந்தது. "படத்தை வெட்டிவிட மாட்டீர்களே?" என்று அவர் கேட்டிருக்கிறார். தம்பி "யெஸ்" என்றான். யார் எதைக் கேட்டாலும் ஆமாம் என்று சொல்வது எங்கள் வீட்டு வளர்ப்பு. எங்கள் கடையில் அதுவரை எதுவும் சட்டத்தை மீறியதில்லை. இந்தப் படம் மட்டும் மீறியிருந்தது. தம்பி கத்திரியை எடுத்தான். அந்த அம்மாள் மாலையில் வந்து பார்த்தபோது பாலத்தின் ஒரு கரை சட்டத்துக்குள்ளும் மறுகரை மேசைமேலும் இருந்தன. அவர் வெகுநேரம் ஆங்கிலத்தில் பேசினார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தம்பி "யெஸ்" என்றான். இரண்டு கரைகளையும் எங்கள் கடையிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார்.

குடும்ப மானம் தெருவில் நின்றது. அன்றைக்கே வீட்டுக் கூட்டத்தைக் கூட்டினேன்.

எங்கள் வீட்டுக் கூட்டங்களில் நான் அமர்வது ஒரு பல் டாக்டர் நாற்காலி. இதைக் கேட்டுச் சிரிப்பவர்களுக்கு அதன் வரலாறு தெரியாது. அப்பா ஓர் ஏலத்தை வேடிக்கை பார்க்கப் போனபோது மூக்கில் உட்கார்ந்த ஈயை விரட்டக் கையைத் தூக்கினார். ஏலக்காரரின் சுத்தியல் விழுந்தது. நாற்காலி எங்களுடையதாயிற்று. "ஈக்காகத் தூக்கினேன்" என்று சொல்லியிருந்தால் விட்டிருப்பார்கள். அப்பா சொல்லவில்லை. "நாலு பேர் நடுவுல தூக்கின கை தூக்கினதுதான்" என்று சொல்லி நாற்காலியை வண்டியில் ஏற்றினார். அன்றிலிருந்து அதுவே எங்கள் குடும்பத்தின் சட்டம். வெளியார் முன்னிலையில் தூக்கிய கையை எங்களில் எவரும் இறக்கியது கிடையாது. அந்த நாற்காலியின் மிதியை மிதித்தால் உட்கார்ந்திருப்பவர் மெல்ல மேலே உயர்வார். முக்கியமான தீர்ப்புகளை நான் மேலே போய்த்தான் சொல்வேன்.

அன்று உயர்ந்து நின்று, தம்பி மாலை நேர ஆங்கில வகுப்பில் சேர வேண்டும் என்று அறிவித்தேன்.

"ஆமாண்ணா" என்றான். பிறகு, வழக்கத்துக்கு மாறாக, இன்னொரு வாக்கியத்தையும் தொடங்கினான். "அண்ணா, அந்தத் துறைமுக ஊர்ல படகுத்துறையில..."

அவன் மனைவிக்குப் பதவி உயர்வு கிடைத்து அந்த ஊருக்கு மாற்றலாகியிருந்தது. விடுதியில் தங்கி, வார விடுமுறைக்கு இங்கே வந்து போய்க்கொண்டிருந்தாள். அது சம்பந்தமாக அவன் அவ்வப்போது படகு கிடகு என்று ஏதோ தொடங்குவான். வீட்டுக் கூட்டங்களில் பல தடவை அந்தப் பொருள் வந்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும் "அப்புறம் பேசலாம்" என்ற தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியிருக்கிறது. அன்றும் அதை நிறைவேற்றிவிட்டு நாற்காலியை இறக்கினேன்.

"இந்தப் பேச்சை இன்னும் எத்தனை நாளைக்குத் தள்ளுவீங்க?" என்று விடுமுறைக்கு வந்திருந்த தம்பி மனைவி கேட்டாள். "இந்த வகுப்பு முடிஞ்ச பிறகு வாராவாரம் வர என்னால ஆகாது. அவர் வந்தா வரட்டும். இல்லேன்னா இப்படியே இருந்துக்கறோம், ஆளுக்கொரு ஊர்ல."

அவள் குரலில் ஒரு மாதிரியான நடுக்கம் இருந்தது. செவிலிகளுக்கு ஓய்வு போதாது என்பதைப் பலரும் எழுதியிருக்கிறார்கள்.

இனி வகுப்புக்கு வருவோம். பருவத்தின் கடைசி வகுப்பு, மீள்பார்வை நாள், மாணவர்களின் வீட்டார் வரலாம் என்று அழைப்பு. கடைத்தெருவில் மருந்துக் கடைக்கு மேலே, குறுகலான மாடிப்படி. சிறப்பு விருந்தினர் யாரும் தேவையில்லை என்றுதான் ஆசிரியை முதலில் சொன்னாராம். நான் முன்வரிசை நடு நாற்காலியில் உட்கார்ந்த பிறகு அந்தக் குறை நீங்கியது. பாட விளக்கம் இரு மொழியிலும் நடக்கும், பேச்சுகள் மட்டும் முழுக்க ஆங்கிலத்தில் என்று அவர் அறிவித்தார்.

"அப்பா, வேணும்னா நான் பக்கத்துல மெதுவாச் சொல்லிட்டே வரேன்" என்றாள் மகள்.

"யாருக்கு?" என்று கேட்டேன்.

அவள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு பலகையைப் பார்த்தாள்.

முதலில் எழுவாயும் வினைச்சொல்லும் எப்படி ஒத்துப்போக வேண்டும் என்ற பாடம். எழுவாய் ஒருமையென்றால் வினையும் ஒருமை. எழுவாய் பன்மையென்றால் வினையும் பன்மை. வினைக்கென்று சொந்த விருப்பம் கிடையாது. ஒரு மொழி இவ்வளவு ஒழுக்கமாக இருப்பதைக் கண்டு எனக்கு மெய்சிலிர்த்தது. எழுந்து நின்று, "எங்க வீட்டிலயும் இதே முறைதான்" என்று சபைக்குத் தெரிவித்தேன். ஆசிரியை "உக்காருங்க சார்" என்றார். மரியாதை தெரிந்தவர்.

அடுத்துச் சொன்னதுதான் சற்று விபரீதமாக இருந்தது. "அண்ணன் அல்லது தம்பிகள்" என்று இரண்டு எழுவாய்கள் வந்தால், எது வினைக்குப் பக்கத்தில் இருக்கிறதோ அதற்கே வினை ஒத்துப்போகுமாம்.

லிஃப்ட் பழுதுபார்ப்பவருக்கும் இது நியாயமாகப் படவில்லை. "அப்ப தூரத்துல இருக்கறவர் எதுக்கு மேடம்?"

"அவரும் வாக்கியத்துல இருப்பார். ஆனா வினை அவர் பேச்சைக் கேக்காது" என்றார் ஆசிரியை.

நான் திரும்பிப் பார்த்தேன். தம்பி தன் மனைவிக்கு முன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். எனக்கும் அவனுக்கும் நடுவில் ஒரு மின்விசிறியும் இரண்டு மாணவர்களும் இருந்தார்கள். இருக்கை ஏற்பாட்டில் இப்படிப்பட்ட தவறுகள் நேர்ந்துவிடுகின்றன.

பிறகு வாதத்திறன். கேட்பவரை வசப்படுத்தும் வழிகளை ஆசிரியை பலகையில் எழுதினார். பெரிய மனிதரின் வாக்கை எடுத்துக் காட்டுவது, ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்வது, எல்லாரும் இதைத்தான் செய்கிறார்கள் என்பது, மனத்தை உருக்குவது, பதில் எதிர்பாராத கேள்வி கேட்பது. இதில் எங்கள் குடும்பத்துக்குப் புதியது ஒன்றுமில்லை. எங்கள் வீட்டில் பெரிய மனிதரின் வாக்கு தேவைப்பட்டால் நான் சொல்வேன். திரும்பச் சொல்ல வேண்டியிருந்தால் அதையும் நானே சொல்வேன். "இந்த வீட்டுல நான் யாரு?" என்று நான் கேட்பதற்கு இதுவரை யாரும் பதில் சொன்னதில்லை. பதில் எதிர்பார்த்துக் கேள்வி கேட்பதுதான் எங்களிடம் இல்லாத பழக்கம்.

மூன்றாவது, அணிநலம். உவமை, உருவகம், மிகைப்படுத்தல். டோக்கன் கொடுக்கும் பெண், தன் வேலையிடத்தில் ஒவ்வொரு வாயும் ஒரு குகை என்று சொல்லிப் பாராட்டு வாங்கினாள். லிஃப்ட்காரர் தன் மாமியாரை இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுபோன லிஃப்ட்டாக உருவகித்தார். வந்திருந்த மாமியாரே கைதட்டினார். அவர் வந்திருந்ததை முன்பே சொல்ல மறந்துவிட்டேன், பொறுத்தருள்க.

ஆசிரியை ஓர் எச்சரிக்கையும் கொடுத்தார். "யாராவது உருவகமாப் பேசினா சொன்னதை அப்படியே எடுத்துக்கக் கூடாது. மனசு கல்லுன்னா அது கல்லு இல்ல. வெளியில தெரியறதை விட்டுட்டு உள்ளே என்ன சொல்றாங்கன்னு பாக்கணும்."

இந்த அறிவுரை என்னுள் ஆழமாகப் பதிந்தது. அடுத்த அரை மணி நேரம் நான் இதை ஒரு நொடிகூட மறக்கவில்லை.

பேச்சுகள் தொடங்கின. விதி இதுதான்: கற்ற உத்திகளைக் கொண்டு ஒரு மாணவர் ஏதேனும் ஒன்றை வலியுறுத்திப் பேசுவார். மனம் மாறியவர்கள் கை தூக்குவார்கள். கடைசியாக என் தம்பியின் முறை வந்தது.

அவன் எழுந்து பலகைக்குப் பக்கத்தில் போய் நின்றான். கடை வேலையில் நறுக்குப்பட்ட விரல்களை ஒன்றோடொன்று கோத்துக்கொண்டான். என்னைப் பார்த்தான். பின்வரிசையைப் பார்த்தான். பேச ஆரம்பித்தான்.

முதல் சொல்லே "மை பிரதர்". எனக்கு நெஞ்சு நிறைந்தது. உள்ளபடியே சொல்கிறேன், அவன் அப்படி ஆங்கிலம் பேசுவான் என்று நான் நினைக்கவில்லை. ஆற்றொழுக்கு. அதில் அங்கங்கே தெரிந்த சொற்களைப் பிடித்துக்கொண்டு, பாடத்தில் சொன்னபடி உட்பொருளுக்குள் இறங்கினேன். "ஷாப்" என்றான்; அது உழைப்பின் உருவகம். "சேர்" என்றான், அப்பாவின் நாற்காலி, குலப்பெருமை. "போட்" என்றான். ஒருமுறை இருமுறை இல்லை, திரும்பத் திரும்பச் சொன்னான். குடும்பம் என்னும் படகு. அதைச் செலுத்துகிறவன் யார் என்பதை அடக்கம் கருதி அவன் சொல்லவில்லை. "வாட்டர்" என்பது வாழ்க்கை. "விண்டோ" என்பது எதிர்காலம். "வைஃப்" என்பதை மட்டும் எதன் உருவகம் என்று உடனே கண்டுபிடிக்க முடியவில்லை. பொறுமை என்று வைத்துக்கொண்டேன். "மண்டே" என்றான், திங்கட்கிழமை, புதிய தொடக்கங்களின் குறியீடு. நான் ஒவ்வோர் உருவகத்துக்கும் தலையை ஆட்டி, தொடையில் லேசாகத் தட்டினேன். நான் தலையாட்டத் தலையாட்ட அவன் குரல் உயர்ந்தது.

"என்னங்க, அவர் கண்ணு கலங்குதே" என்று மனைவி கிசுகிசுத்தாள்.

"அது உச்சரிப்பு" என்றேன்.

மகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்பா, நெஜமாத்தான் தலையாட்டறீங்களா?"

"தெரியாதவங்கதான் ஆட்டாம உக்காந்திருப்பாங்க."

தம்பி பேசி முடித்தான். கடைசி வாக்கியம் கேள்வியாக இருந்தது. என்னைப் பார்த்துக் கேட்டான். பதில் எதிர்பாராத கேள்வி என்ற உத்தியைக் கையாண்டிருக்கிறான் என்று மகிழ்ந்தேன். லிஃப்ட்காரர் மூக்கைத் துடைத்துக்கொண்டார். மனம் மாறியவர்கள் கை தூக்கலாம் என்றார் ஆசிரியை.

ஏனோ எவரும் தூக்கவில்லை. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் யோசிக்கவில்லை. அப்பா தூக்கிய அதே உயரத்துக்கு, அதைவிடச் சற்று மேலாகவே, தூக்கினேன். பிறகுதான் மற்றக் கைகள் எழுந்தன. அதோடு நிறுத்தியிருக்கலாம். சிறப்பு விருந்தினர் அப்படி நிறுத்துவது அழகல்ல. முன்னால் போய்த் தம்பியின் தோளில் கை வைத்து, "வெரி குட் போட்" என்றேன். "மை ஃபேமிலி அக்ரீ" என்றும் சொன்னேன்.

"அக்ரீஸ்" என்றார் ஆசிரியை. "ஃபேமிலி ஒருமை சார். இன்னொரு தடவை சொல்லுங்க."

"மை ஃபேமிலி அக்ரீஸ்."

"எல்லாரும் சொல்லுங்க."

வகுப்பு முழுவதும் ஒரே குரலில் சொன்னது. என் மனைவி சொன்னாள், என் மகள் சொன்னாள், லிஃப்ட்காரரின் மாமியார் சொன்னார். கதவருகே நின்ற தையல் வகுப்பினரும் சொன்னார்கள். எழுவாயும் வினையும் அவ்வளவு ஒற்றுமையாக இருந்து நான் கண்டதில்லை.

தம்பி என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். எங்கள் குடும்பத்தில் அந்த வழக்கம் இல்லை. "அண்ணா, நீங்க ஒத்துப்பீங்கன்னு நான் நினைக்கவே இல்லண்ணா" என்றான். பின்னால் அவன் மனைவி கைக்குட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டிருந்தாள்.

எதற்கு ஒத்துக்கொண்டேன் என்று அந்த இடத்தில் கேட்பது முறையல்ல. மருந்துக் கடைப் படிகளில் இறங்கும்போது மகளை ஓரமாக நிறுத்தினேன். "நீ எவ்வளவு புரிஞ்சுக்கிட்டேன்னு பாக்கலாம். சித்தப்பா பேசினதைச் சுருக்கமாச் சொல்லு."

அவள் படியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். "சித்தியோட ஆஸ்பத்திரியில வீடு குடுத்திருக்காங்க. ஜன்னலைத் திறந்தா தண்ணி. அங்க படகுத்துறையில படகுக்கு டிக்கெட் குடுக்கற வேலை சித்தப்பாவுக்குக் கிடைச்சிருக்கு. திங்கட்கிழமை சேரணும். அண்ணன் அந்த உயரமான சேர்ல உக்காந்து இதை ஒரு தடவையாவது முழுசாக் கேப்பார்னு காத்துக்கிட்டிருந்தேன், ஒருநாளும் கேக்கல, அதனால வேற மொழியில கேக்கறேன்னார். என்னைப் போக விடுவீங்களான்னு கேட்டார்."

"உருவகமெல்லாம்?"

"அவர் ஒரு உருவகம்கூடச் சொல்லலப்பா. அதுக்கு டீச்சர் மார்க் குறைச்சிருப்பாங்க."

வீட்டுக்கு வந்ததும் கூட்டத்தைக் கூட்டினேன். படகுத்துறையில் டிக்கெட் கிழிப்பது சட்டம் போடும் குடும்பத்துக்குப் பொருந்துமா என்ற பொருளை விவாதத்துக்கு எடுத்துக்கொள்ளும் நோக்கத்துடன் நாற்காலியில் அமர்ந்து மிதியை மிதித்தேன். நாற்காலி உயரவில்லை. மெல்லிய பெருமூச்சு விட்டுக்கொண்டு கீழே இறங்கியது. அதற்கு எண்ணெய் போடுவது இத்தனை காலமும் தம்பியின் வேலையாக இருந்திருக்கிறது. எனக்கு அன்றுதான் தெரிந்தது. முழங்கால்கள் முகவாய்க்கு வந்த நிலையில் நான் பேசத் தொடங்குமுன் என் மனைவி பேசினாள். அந்த நாற்காலிக்கு எதிரில் அவள் பேசியது அதுவே முதல் தடவை.

"கை தூக்கினீங்கல்ல?" என்றாள்.

"தூக்கினேன்."

"நாலு பேர் நடுவுலதானே?"

தையல் வகுப்பையும் சேர்த்தால் நாலு பேருக்கு மேலேயே இருக்கும். விவாதம் அத்துடன் முடிவுற்றது.

திங்கட்கிழமை காலையில் தம்பி கிளம்பினான். கடைச் சாவியை என் கையில் கொடுத்தான். கண்ணாடியை வெட்டும்போது மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று சொன்னான். மேசைமேல் கிடந்த பாலத்தின் மறுகரையை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டான். எடுத்துக்கொள்ளச் சொன்னேன். சட்டத்துக்குள் இருந்த கரை கடைச் சுவரிலேயே இருக்கிறது. வாடிக்கையாளர்கள் பாலம் எங்கே போகிறது என்று கேட்கிறார்கள். நான் இப்போது முன்னால் கல்லாவில் நிற்பதால் எனக்கு அது நன்றாகக் கேட்கிறது. "ஆமாம்" என்கிறேன்.

முடிவாக, ஒரு வதந்தி. தம்பி அண்ணனோடு சண்டை போட்டுக்கொண்டு வீட்டை விட்டுப் போய்விட்டான் என்று தெருவில் பேசிக்கொள்கிறார்களாம். இதை வன்மையாக மறுக்கிறேன். எங்கள் வீட்டில் அவனோடு யாரும் ஒருநாளும் சண்டை போட்டதில்லை. சண்டை போட வேண்டுமென்றால் அவன் சொல்வதை முதலில் யாராவது காதில் வாங்கியிருக்க வேண்டும். எங்கள் குடும்பத்தில் அப்படி ஒரு சம்பவம் நடந்ததே கிடையாது.